அட்டை ஏறாத கால்

இது நடந்தது. காது மாறிக் காது மாறி வந்த கதை இல்லை. யாருக்கு நடந்ததோ, அவள் இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதில் வரும் நேரமெல்லாம் அவள் கைக்கடிகாரத்தில் பார்த்தவை. பதினாறு வருடமாக ஒவ்வொரு ரத்தக் குப்பியிலும் எடுத்த நேரத்தை எழுதி ஒட்டுகிறவள். நேரத்தில் அவள் தப்பு செய்ய மாட்டாள்.

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. எவ்வளவு சதைப்பிடிப்பான கையாக இருந்தாலும் இரண்டு விரலை வைத்து நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "ஹீமோகுளோபின் பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்புகிற ரகம்.

அவள் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. வயது இருபத்து மூன்று. காலையில் வாயைத் திறந்தால் தூங்கும்போதுதான் மூடுவாள். பறவைப் பைத்தியம். வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் மழைக்காட்டில் இருவாச்சியை ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணியின் தலையில் விழுந்தது.

பஸ் ஏறும்போது புருஷன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவளைத் தனியா விட்டுடாத. சொன்ன பேச்சு கேக்க மாட்டா. கண்ணு முன்னாடியே வெச்சுக்க."

அந்த வார்த்தைதான் அவளைப் படுகுழி வரைக்கும் கொண்டுபோனது.

இரண்டாம் நாள். மத்தியானம் 2.40-க்கு விடுதியிலிருந்து கிளம்பினார்கள். வழிகாட்டி, ரேடியோ, ஊசியக்கா. மூன்றே பேர். வழிகாட்டி அதிகம் பேசாத மனிதர். கிளம்பும் முன் இரண்டு பேருக்கும் முழங்கால் வரை வரும் துணி உறை கொடுத்தார். ரத்தம் உறிஞ்சுகிற அட்டை ஏறாமல் இருக்க.

அப்படியும் அட்டை விடவில்லை. பத்தடிக்கு ஒரு தடவை நின்று உதற வேண்டியிருந்தது. இலை நுனியில், வேரில், சேற்றில், எங்கே பார்த்தாலும் நூல் மாதிரி எழுந்து நின்று ஆடின. மூச்சுக் காற்றும் உடம்புச் சூடும் பட்டால் போதும், அவை எழுந்துவிடும் என்றார் வழிகாட்டி.

"அண்ணி, உங்க தொழில் கூட்டாளிங்க எல்லாம் வந்திருக்காங்க. வரவேற்பைப் பாருங்க!" என்றாள் ரேடியோ. அடுத்த நொடியே, "ஐயோ எடுங்க எடுங்க எடுங்க!" என்று ஒற்றைக் காலில் குதித்தாள்.

3.30-க்கு இருவாச்சியைப் பார்த்தார்கள். பெரிய மரம். உச்சியில் ஒரு பொந்து. உள்ளே பெண் பறவை. பொந்தின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு, ஒரு பிளவு வழியாக அலகை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டியது. அது இறக்கை அடித்தது நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போலக் கேட்டது. ரேடியோ முழுசாக நாலு நிமிடம் பேசவில்லை. கண்ணில் தண்ணீர்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கே காட்டுக்குள் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி ஆகிவிட்டது. மரத்துக்கு மரம் பனி மூட்டம். கீழே ஓடை இரைகிற சத்தம் கேட்டது. 4.05-க்கு வழிகாட்டி நின்றார்.

"தண்ணி ஏறிடுச்சான்னு பார்த்துட்டு வர்றேன். இந்த இடத்தை விட்டு நகராதீங்க." தன் கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றி ரேடியோவிடம் கொடுத்தார். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிங்க. நான் திரும்பி வர அடையாளம்."

அவர் மூட்டத்துக்குள் இறங்கி மறைந்தார்.

விடுதியில் குடித்த இரண்டு டம்ளர் டீ ஊசியக்காவுக்கு அப்போதுதான் வேலை காட்டியது. "அந்த மரத்துக்குப் பின்னாடி போயிட்டு வர்றேன். அசையாத."

"அட்டை ஜாக்கிரதை அண்ணி!" என்று சிரித்தாள் ரேடியோ.

இருபதடிகூட இருக்காது. மணி 4.10. இரண்டு நிமிடம்.

வெளியே வந்தபோது ரேடியோ நின்ற இடத்தில் இல்லை. பாதையில் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். அதே பச்சை மழைக்கோட்டு. கோட்டின் தலைமூடியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள்.

"ஏய்! எங்கடி போறே? நிக்கச் சொன்னாரே!"

அவள் திரும்பவில்லை. "வாங்க அண்ணி," என்றாள்.

ரேடியோவின் குரல்தான். சந்தேகமே இல்லை. வழிகாட்டி கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஊசியக்கா பின்னால் ஓடினாள். கண்ணு முன்னாடியே வெச்சுக்க. புருஷன் சொன்னது காதிலேயே இருந்தது.

4.15. விசில் சத்தம். பின்னாலிருந்து வந்தது.

"விசில் யாருடி அடிக்கிறது?"

"யாருடி அடிக்கிறது," என்றாள் முன்னால் போகிறவள். கேள்வி மாதிரி இல்லை. வெறுமனே திருப்பிச் சொன்ன மாதிரி.

மழையில் காது கேட்கவில்லை போல... வழிகாட்டி வந்து விசிலை வாங்கி, முன்னே போகச் சொல்லியிருப்பார் போல... மனசுக்கு ஒரு சமாதானம் வேண்டும் என்றால் எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடும்.

ஆனால் ரேடியோ பேசவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. இருவாச்சியைப் பார்த்துவிட்டு வருகிறவள்! மூன்று நாளைக்கு நிறுத்தாமல் பேச வேண்டியவள்.

அடுத்து மழை. ஊசியக்காவின் கோட்டில் மழை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்றடி முன்னால் நடக்கிற கோட்டில் மழை விழுவது தெரிந்தது.

சத்தம் இல்லை.

4.20. மறுபடி விசில். இப்போது இன்னும் தூரத்தில்.

ஊசியக்கா கீழே பார்த்தாள். தன் கால் உறையில் பதினொரு அட்டைகள். எண்ணினாள். எண்ணுவது அவள் பழக்கம். உதறிவிட்டு, முன்னால் போகிற கால்களைப் பார்த்தாள்.

ஒன்று இல்லை.

வெள்ளை உறை. சுத்தமாக இருந்தது. சேறுகூட இல்லை.

பாதையோரத்து இலைகளைப் பார்த்தாள். நுனியில் நின்று ஆடிக்கொண்டிருந்த அட்டைகள், அந்தக் கால் பக்கத்தில் வந்ததும் சுருண்டு இலைக்கு அடியில் போயின. அது தாண்டியதும் மறுபடி எழுந்தன. இவள் பக்கமாகத் திரும்பின...

"ரேடியோ," என்றாள். "கொஞ்சம் நில்லேன்."

"கொஞ்சம் நில்லேன்."

அப்போது அவள் கால் வழுக்கியது. பாசி பிடித்த வேர். விழப்போனவளுக்கு முன்னால் ஒரு கை நீண்டது. யோசிக்காமல் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு.

பதினாறு வருட வேலை. விரல்கள் தானாகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தன. நாடி துடிக்கிற இடம்.

காத்திருந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று...

துடிப்பு இல்லை.

விரலை லேசாக நகர்த்தினாள். அழுத்தினாள்.

இல்லை. நரம்பே இல்லை. தோலுக்கு அடியில் எதுவும் இல்லை. ஊறிப்போன மரத்தைத் தொடுகிற மாதிரி இருந்தது.

அந்த முகம் தலைமூடிக்குள் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் அதற்காக நன்றி சொல்லிக்கொள்கிறாள்.

மெல்லக் கையை விட்டாள்.

"வாங்க அண்ணி."

அப்போதுதான் தன் காலுக்கு முன்னால் இருந்தது தெரிந்தது. பெரணிச் செடிகள். அவற்றுக்குப் பின்னால் பாதை இல்லை. மரம் இல்லை. வெள்ளையாக மூட்டம் மட்டும். வெகு கீழே, தண்ணீர் பாறையில் விழுகிற சத்தம்.

அது பெரணியைத் தாண்டி நின்றது. தரை இல்லாத இடத்தில்.

மணி 4.26. தண்ணீர் இரைச்சலில் 4.25 விசில் கேட்கவே இல்லை.

கத்தக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. ஊசியைப் பார்த்து மிரளுகிற குழந்தையிடம் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"ஷூ லேஸ் அவுந்துடுச்சு. நீ போய்க்கிட்டே இரு. இதோ வர்றேன்."

"இதோ வர்றேன்," என்றது அது. இந்தத் தடவை ரேடியோவின் குரல் இல்லை.

ஊசியக்காவின் குரல்.

அவள் ஓடினாள்.

கிளை முகத்தில் அடித்தது. ஒரு ஷூ சேற்றில் போயிற்று. எங்கே ஓடுகிறாள் என்று தெரியவில்லை. எல்லா மரமும் ஒரே மரம். நின்றாள். அடுத்த விசில் 4.30-க்கு. அது கேட்டால்தான் திசை தெரியும். அதுவரை அசையக் கூடாது.

மணி 4.28.

இரண்டு நிமிடம்.

ஒரு மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி..." இடது பக்கம்.

"மேடம், இந்தப் பக்கம்." வழிகாட்டியின் குரல். வலது பக்கம்.

அப்புறம் மிகப் பக்கத்தில், மரத்துக்கு அந்தப் புறம்...

"கண்ணு முன்னாடியே வெச்சுக்க."

புருஷனின் குரல். ஒரு பகல் பஸ் பயணத்துக்கு அப்பால், ஆபீசில் உட்கார்ந்திருக்கிற மனுஷனின் குரல்.

4.29.

அட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. காலில், கையில், கழுத்தில். அவள் உதறவில்லை. அவை ஏறுவதே ஒரு தைரியமாக இருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன்.

4.30.

விசில். மேட்டுப் பக்கமிருந்து.

ஓட எத்தனித்தாள்.

இன்னொரு விசில். பள்ளத்திலிருந்து. அதே நீளம். அதே சுருதி.

ஒரு நொடி அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு புத்தி வேலை செய்தது. அது எதையும் கேட்ட பிறகுதானே சொல்கிறது? அப்படியென்றால் முதலில் கேட்டது அசல்.

மேட்டுப் பக்கம் ஓடினாள். பின்னாலேயே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. இவள் மூச்சிரைப்பு. இவள் இருமல். ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் ஷூ இல்லாமலும் ஓடுகிற சத்தம்...

4.41-க்கு பச்சை மழைக்கோட்டு தெரிந்தது. பக்கத்தில் வழிகாட்டி.

ஊசியக்கா முதலில் செய்த காரியம், ரேடியோவின் மணிக்கட்டைப் பிடித்ததுதான். தடதடவென்று அடித்தது. அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"என்ன அண்ணி, எங்க போனீங்க? இப்பத்தானே இங்க..." என்று ஆரம்பித்தாள் ரேடியோ.

"பேச நேரமில்ல. தண்ணி ஏறுது, நடங்க," என்றார் வழிகாட்டி. ஊசியக்கா வந்த திசையை ஒரு தடவை பார்த்தார். "அந்தப் பக்கம் பாதையே கிடையாதே மேடம்."

"வழி தவறிட்டேன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வேலைக்குப் போகிற பெண்ணை எதற்குப் பயமுறுத்த வேண்டும்? அன்று இரவு விடுதியில் விளக்கை அணைக்கவில்லை. ரேடியோ ஏதோ கேட்க வந்து, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மறுநாள் ஊர் திரும்பினார்கள். அடுத்த வாரம் ரேடியோ புது ஊருக்குப் போனாள். புருஷனிடமும் இவள் வாயைத் திறக்கவில்லை. காடு காட்டோடு போகட்டும்.

காட்டிலிருந்து வந்த பத்தொன்பதாவது நாள். சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்தாள். எதிர்வீட்டு டீச்சர் கதவைத் திறந்தார்.

"மத்தியானம் சாவியை மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

"எப்போ?"

"மூணு மணி இருக்கும். இங்கதான் நின்னீங்க. நாலு வீட்டுக் கதவையும் ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டு... ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. கீழ இறங்கிப் போயிட்டீங்க." டீச்சர் தரையைக் காட்டினார். "சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தீங்க. நான்தான் துடைச்சு விட்டேன்."

அன்றைக்கு மழை இல்லை. அந்த வாரம் முழுக்க மழை இல்லை. மூன்று மணிக்கு அவள் நிலையத்தில் இருந்தாள். கூட நான்கு பேர் இருந்தார்கள்.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். ரேடியோவுக்குப் போன் போட்டாள். காட்டில் நடந்தது முழுவதையும் முதல் தடவையாகச் சொன்னாள்.



"இருக்கியாடி?"

"அண்ணி..." என்றாள் ரேடியோ. "அப்போ என்கூட நின்னது யாரு?"

"என்ன சொல்றே?"

"மரத்துக்குப் பின்னாடி போன நீங்க ரெண்டே நிமிஷத்துல திரும்பி வந்துட்டீங்களே. அரைமணி நேரம் என் பக்கத்துலயே நின்னீங்க. வழிகாட்டி வர்றப்பதான் காணோம். மறுபடி ஒதுங்கப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

ஊசியக்கா தாழிட்ட கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்... ஏதாவது பேசினேனா?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டீங்க. திரும்பத் திரும்ப. நம்ம வீடு எங்க இருக்குன்னு."

ஊசியக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பயத்துல குழம்பிட்டீங்கன்னு நினைச்சேன் அண்ணி. அப்புறம் உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. ஊரு, தெரு, கட்டடம், எல்லாம் பொறுமையா சொன்னேன். மூணாவது மாடின்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எந்தக் கதவுன்னு சொல்றதுக்குள்ள வழிகாட்டி வந்துட்டாரு."