மூன்றாம் எண் கதவு

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆளில்லாத மசுயா வீட்டின் மழைத்தடுப்பு மரப்பலகைகளைத் திறந்து காற்று விடுவது கினுகோ நாகசாகாவின் பொறுப்பு. மொத்தம் இருபத்திரண்டு பலகைகள். பதினேழாவது பலகை எப்போதும் சிக்கிக்கொள்ளும். இடுப்பால் ஒரு முட்டு முட்டினால்தான் நகரும். பதினோரு ஆண்டுகளாக அப்படி முட்டியதில் வலப்பக்க இடுப்பு நொந்துவிட்டது. ஆகவே இவ்வாண்டு முதல் இடப்பக்கத்தால் முட்டுகிறார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. வாரத்தில் ஐந்து நாள் மழலையர் பள்ளியின் சமையற்கூடத்தில் எண்பது பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆக்குகிறார். ஆறாம் நாள் இந்த வீடு. "இன்னிக்கும் அந்தக் கிழட்டு வீட்டுக்குப் பல் தேய்ச்சுவிடப் போறியா?" என்று கணவர் டெருஆகி காலையில் கேட்டார். கினுகோ கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்த வீட்டைக் காக்கும் சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிய கடிதம் மூன்று வாரங்களாக அவர் கைப்பையிலேயே கிடக்கிறது.

ஒகுதானி பழைய வீடுகள் காப்புச் சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் பத்தொன்பது பேர் உண்டு. சனிக்கிழமை வருவோர் மூவர்: தலைவர் ஹிராபயாஷி, பல் மருத்துவரின் மனைவி ஒதோவா, கினுகோ. நான்கு மாதங்களாக அவர்கள் செய்துவந்தது, தாள் ஒட்டிய தள்ளுகதவுகளின் அடித்தாள் உரிக்கும் வேலை. முற்காலத்தில் காகிதம் அரிதாக இருந்தமையால், கதவின் மேல்தாளுக்கு அடியில் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் அடுக்கடுக்காக ஒட்டிவிடுவார்கள். நீரைத் தெளித்து, மூங்கில் தகட்டை நுழைத்து, ஒவ்வொரு தாளாக எடுத்து உலர்த்த வேண்டும். எடுத்த தாள் எந்தக் கதவின் எத்தனையாவது அடுக்கு என்பதைப் பதிவேட்டில் எழுதுவது கினுகோவின் வேலை. அந்தப் பதிவு இல்லையென்றால் தாள் வெறும் கந்தல்.

சென்ற மாதம் மூன்றாம் எண் கதவிலிருந்து ஒரு தாள் வந்தது: கூரையின் முகட்டு மரம் ஏற்றிய நாளில் தச்சர்களுக்குப் போட்ட சாப்பாட்டின் பட்டியல். பதினான்கு பேருக்குச் சோறு, தோஃபு என்னும் சோயாக்கட்டி சுட்டது, முள்ளங்கி, உலர்ந்த ஹெர்ரிங் மீன். ஓரத்தில் தென்போ மூன்றாம் ஆண்டு, அதாவது 1832, என்று இருந்தது. அப்படியானால் வீட்டுக்கு ஏறக்குறைய நூற்றுத்தொண்ணூறு வயது. அதை நிறுவிவிட்டால் நகராட்சியின் பாதுகாப்புப் பட்டியலில் வீடு சேரும். நிறுவ முடியாவிட்டால், தோக்கியோவில் இருக்கும் வாரிசு ஏப்ரலில் வீட்டை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்; ஒப்பந்தக்காரர் வந்து அளந்தும் போய்விட்டார்.

இன்று பதினொரு மணிக்கு நகராட்சியின் பண்பாட்டுப் பிரிவிலிருந்து செரிசாவா என்ற பெண் அலுவலர் பதிவேட்டைப் பார்க்க வருகிறார்.

"நாகசாகா-சான், இன்னிக்காவது நல்ல உடுப்பாப் போட்டுட்டு வரக்கூடாதா?" என்றார் ஹிராபயாஷி. அவர் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

"சமையக்காரிக்கு ஏப்ரன்தான் நல்ல உடுப்பு, தலைவரே."

ஒதோவா சிரித்தார். "தலைவர் கட்டியிருக்கறது அவரோட கல்யாணப் பட்டையாம். அதையும் பட்டியல்ல சேர்க்கச் சொல்லலாம்."

கினுகோவால் சிரிக்க முடியவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தலைவரே, அந்த மூணாம் நம்பர் கதவு... அது மூணாம் நம்பர்தானான்னு எனக்குத் தெரியல."

மசுயா வீட்டில் இருந்த கதவுகள் எட்டு. ஒன்று முதல் நான்கு வரை இவ்வீட்டின் உள்ளறைக் கதவுகள். ஐந்து முதல் எட்டு வரை, பக்கத்துக் கோயிலை இடித்தபோது இங்கே கொண்டுவந்து சாத்திவைத்தவை. அளவும் சட்டமும் ஒன்றுபோலவே இருக்கும். மழைக்காலத்தில் ஒருநாள் கூரை ஒழுகியது. எட்டுக் கதவுகளையும் அவசரமாகச் சமையற்கட்டுக்குத் தூக்கினார்கள். அடுத்த வாரம் வந்து பார்த்தபோது, ஈரத்தில் பசை விட்டு இரண்டு எண்சீட்டுகள் தரையில் கிடந்தன. மூன்றும் ஏழும். முந்தைய நாள் பள்ளியில் விழா; நாள் முழுதும் நின்ற கால்கள். எது எந்தக் கதவு என்று கினுகோ பத்து நிமிடம் பார்த்தார். பிறகு, இதுவாகத்தான் இருக்கும் என்று ஒட்டிவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லல. மறந்துடலாம்னு பார்த்தேன். அந்தத் தாள் வந்ததுலேருந்து தூக்கம் இல்ல."

ஹிராபயாஷி அந்தத் தாளை எடுத்து மீண்டும் படித்தார். பிறகு முகம் தெளிந்தது. "அட, மீன் இருக்கே! ஹெர்ரிங் மீன்! கோயில் வேலைக்கு யாராவது மீன் போடுவாங்களா? அப்போ அது இந்த வீட்டுத் தாள்தான். கவலைய விடுங்க."

கினுகோவுக்கும் அதைப் பற்றிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குச் சோறு போட்டவர் அவர்.

"சாப்பிட்டது சாமியாருங்க இல்ல, தலைவரே. தச்சருங்க. காலையிலேருந்து மரம் தூக்கின பதினாலு பேருக்கு வெறும் தோஃபுவப் போட்டா மத்தியானம் ஒருத்தன் கூரையில ஏறமாட்டான். கோயிலா இருந்தாலும் மதில் ஓரமா உக்காரவெச்சு மீன் போட்டிருப்பாங்க."

"அத அந்த அலுவலர் யோசிக்கணுமே!"

"நான் யோசிச்சுட்டேனே."

ஹிராபயாஷி கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "வீடு போயிடும், தெரியுமில்ல?" என்றார். கோபத்தைவிடக் களைப்பே அந்தக் குரலில் மிகுந்திருந்தது. கினுகோ தலையசைத்துவிட்டு, பதிவேட்டில் அத்தாளின் வரிக்கு நேரே சிவப்புப் பென்சிலால் 'கதவு எண் உறுதியில்லை' என்று எழுதி, நாளிட்டு, தம் முத்திரையைப் பதித்தார்.

பதினொரு மணிக்கு வந்த செரிசாவா அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"இத வெச்சு என்னால பரிந்துரைக்க முடியாதுங்க," என்றார். "மீதி வீட்டுக் கதவு மூணையும் உரிச்சுட்டீங்களா?"

"இன்னும் தொடல," என்றார் ஒதோவா.

"ஒண்ணு, ரெண்டு, நாலு. இதுல எண் சந்தேகம் இல்லையே? அதுல எதுலயாவது இதே கையெழுத்துல ஒரு தாள் கிடைச்சாப் போதும், இது இந்த வீட்டுத் தாள்னு ஆயிடும். பட்டியல் முடிவு பண்ற குழு மார்ச் இருபதாம் தேதி கூடுது. அதுக்குள்ள கொண்டுவாங்க."

"கிடைக்கலன்னா?" என்றார் ஹிராபயாஷி.

செரிசாவா குனிந்து வணங்கிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டார்.

மார்ச் இருபதுக்குள் நாள்காட்டியில் பதினான்கு சனிக்கிழமைகள் இருந்தன. ஒரு கதவுக்கு நான்கு மாதம் பிடித்திருந்தது. இனி சனிக்கிழமை மட்டும் போதாது. பள்ளி முடிந்து மாலையிலும் வரவேண்டும். டெருஆகியிடம் என்ன சொல்வது என்று கினுகோ யோசித்தார். கைப்பையில் இருந்த கடிதம் நினைவுக்கு வந்தது. அதை இப்போது நீட்டினால் நியாயமாக இருக்காது. நீட்டாவிட்டால் வசந்தம் வரைக்கும் இடுப்பு தாங்க வேண்டும்.

"நாகசாகா-சான், மதியத்துக்கு என்ன கொண்டுவந்தீங்க?" என்றார் ஹிராபயாஷி, அவரைப் பாராமலே.

"சோத்து உருண்டை. உள்ள மீன் இருக்கு."

"மீன் பேச்சே வேணாம்," என்றார் அவர். ஆனால் கை நீட்டினார்.

சாப்பிட்டபின் மூவரும் முதலாம் கதவைத் தூக்கிவந்து மேசைமேல் கிடத்தினார்கள். கினுகோ சீட்டை நம்பவில்லை. கதவின் மரச்சட்டத்திலேயே பென்சிலால் அழுத்தி 'ஒன்று' என எழுதினார். பிறகு நீர்த்தெளிப்பானை எடுத்தார்.