கறிவேப்பிலைச் செடி குடித்த தண்ணீர்

அந்த அக்னி நட்சத்திரத்தில் செஞ்சியே காய்ந்து கிடந்தபோது எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி மட்டும் தளதளவென்று வளர்ந்தது. காரணம் எனக்கும் சின்ன தாத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

சின்ன தாத்தா என் நைனாவின் சித்தப்பா. பிள்ளை குட்டி இல்லாதவர். முந்தின வருஷம் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து கட்டிலே கதி. நைனா விடிந்ததும் மண்டிக்குப் போய்விடுவார். தாத்தாவுக்கு ஒன்றுக்கு வந்தால் அம்மாதான் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்துக் கொல்லைக்குக் கூட்டிப்போக வேண்டும். நாங்கள் சமணர்கள்; பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம். அவர் அந்தக் கோடையில் ஒரு படி மேலே போய், பொழுது சாய்ந்தால் தண்ணீரும் வேண்டாம் என்றார். உறவெல்லாம் மெச்சியது.

பகல் கதை வேறு. அம்மா தலைமாட்டில் சொம்பை வைத்துவிட்டுப் போனதும் எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் சொம்பைத் திருப்பி வைப்பேன். கூலி ஒரு கமர்கட். எட்டு வயதில் அதற்குமேல் யாருக்குக் கேள்வி தோன்றும்?

ஒருநாள் காலையில் அவர் கையை வீசிக்கொண்டு கத்தினார்.

"டேய், மலைமேலேர்ந்து மல்லாட்டை மூட்டைய உருட்டறானுங்கடா! புடிங்கடா!"

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை சும்மாதான் நின்றது; வேர்க்கடலை மூட்டை எதுவும் உருளவில்லை. நான் சிரித்தேன். அம்மாவையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றதும் சிரிப்பு போய்விட்டது. மத்தியானத்துக்குள் பேச்சும் அடங்கியது. நைனாவுக்கு ஆள் அனுப்பி, வண்டி கட்டி, ஆசுபத்திரிக்கு ஓடினோம்.

"வயசாயிடுச்சி. இனிமே டாக்டரு இன்னா பண்ணப் போறாரு?" என்றார் வண்டிக்காரர்.

டாக்டர் தாத்தாவின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். அது கிள்ளியபடியே நின்றது.

"தண்ணி குடிக்கிறாரா?"

"வேளைக்கு ஒரு சொம்பு வெக்கிறேன் சார். காலியாத்தான் இருக்குது," என்றாள் அம்மா.

டாக்டர் குழம்பினார். அப்படியானால் இது வேறு ஏதோ நோய், பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பலாம், ஆனால் வழியில் உடம்பு தாங்குமா என்று நர்சம்மாவிடம் யோசித்தார். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன், பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன். சொன்னால் அம்மா தோலை உரித்துவிடுவாள். சொல்லாவிட்டால் தாத்தா செத்துப்போவார்.

"தண்ணியெல்லாம் செடிக்குப் போச்சு!" என்று கத்தியே விட்டேன்.

அம்மா கையை ஓங்கினாள். டாக்டர் தடுத்தார். "நல்லவேளை சொன்ன பாப்பா."

கண்ணாடி பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். வயசான உடம்பு, ஒரேயடியாக ஏற்றினால் தாங்காது என்று நர்சம்மா பக்கத்திலேயே நின்று சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் இடையில் அவர் செத்துவிடுவாரோ என்றிருந்தது.

மூன்றாம் நாள் கண் தெளிந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா நிக்கிற? உக்காரு."

"ஏன் மாமா இப்பிடிப் பண்ணீங்க?"

"தண்ணி குடிச்சா எழுந்திரிக்கணும். எழுந்திரிச்சா நீ தூக்கணும். ஆறு மாசத்து வயித்தோட நீ தூக்கலாமா?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் நைனாவைத் தனியே அழைத்துத் திட்டி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒன்றுக்குப் போக ஒரு பாத்திரம் வைக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா நல்ல பலசாலி, தூக்கினால்தான் என்ன என்று தாத்தாமேல் கோபம். இனிமேல் கமர்கட் கிடைக்காதே என்ற கவலை வேறு.

ஆவணியில் தம்பி பிறந்தான். அவனைத் தாத்தா மடியில் வைத்தார்கள். வைத்த உடனே வேட்டியை நனைத்துவிட்டான்.

"இவனுக்கு மட்டும் வெக்கமே கெடையாது," என்று அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இவனுக்காகத்தான் அவர் அந்தக் கோடை முழுக்கத் தாகத்தோடு கிடந்தார் என்பது எனக்குப் புரிய, நானும் ஒரு பிள்ளையைச் சுமக்க வேண்டியிருந்தது.