பைப்பைத் திருப்பாதே

மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை எழும்பிக்கொண்டிருந்த காலம். மாட்டுவண்டி போன பாதையெல்லாம் லாரி லாரியாகப் பைப் வந்து இறங்கியது. பார்க்கும்போதே எனக்குக் கை பரபரக்கும். அப்போது நான் ராயபுரத்தில் கப்பல் சாமான்களை ரிப்பேர் செய்யும் ஒரு ஷெட்டில் வெல்டர். என் வேலையைப் பார்த்தவர்கள் பாராட்டாமல் போனதில்லை. போனால் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் சேதி வந்தது. இனிமேல் நாடு முழுக்க வெல்டருக்கு ஒரே மாதிரிப் பரீட்சையாம். எத்தனை வருஷம் அனுபவம் இருந்தாலும் சரி, அதிகாரி முன்னால் பற்றவைத்துக் காட்ட வேண்டும். அதை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே ஓட்டை இல்லை என்றால்தான் சர்டிபிகேட். அது இருந்தால்தான் மணலியில் பைப்பைத் தொட முடியும். தேறியவனுக்கு ஒரு நம்பர் உண்டு; அவன் போட்ட ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் அந்த நம்பரை அடிக்க வேண்டும்.

ஷெட்டில் பாதிப்பேர் முகத்தைச் சுளித்தார்கள். கை கால் முறிந்தவனுக்குத்தானே எக்ஸ்ரே, இரும்புக்கு எதற்கு என்று கேட்டார்கள். எனக்கோ அந்த நம்பரை நினைத்துத் தூக்கமே பிடிக்கவில்லை. எத்தனையோ கப்பலில் என் வேலை கடல் தாண்டிப் போயிருக்கிறது. ஒன்றிலாவது, இது நான் செய்தது என்று காட்ட முடியுமா?

பரீட்சைக்குப் போக லீவு கிடையாது என்றார் முதலாளி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உங்க ஷெட்டே வாணாம்" என்று கையுறையை அவர் மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். காலடிப்பேட்டை வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள்.

"பாஸ் ஆவலன்னா இன்னா பண்ணுவே?"

"நானா? ஆவாமயா?" என்றேன்.

பரீட்சையில் இரண்டு பைப்பை நுனியோடு நுனி சேர்த்துக் கிடையாக ஸ்டாண்டில் இறுக்கி வைத்திருந்தார்கள். மேல் பாதியை அழகாக முடித்தேன். பிறகு, ஷெட்டில் தினமும் செய்கிற மாதிரியே, கிளாம்பைத் தளர்த்தி, அடிப்பக்கம் மேலே வரும்படி பைப்பைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போனது.

அதிகாரி பேனாவை மூடினார். "திருப்பிட்டீங்களே. இதை எடுத்துக்க முடியாது."

"திருப்புனா இன்னா சார்? ஜாயின்ட்டு நல்லாத்தானே கீது?"

"மணலியில பைப் அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் ஓடுது. அதை எப்படித் திருப்புவீங்க?"

சண்டைக்கு வாயைத் திறந்தேன். அந்த ஆள் சொன்னது நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அடுத்த மாதம் மறுபடி வரலாம், அதிலும் தவறினால் அவ்வளவுதான் என்றார்.

வண்ணாரப்பேட்டையில் ஜன்னல் கம்பிப் பட்டறை வைத்திருந்த பாய் என் தோஸ்து. கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, ஒரு பைப்பை எடுத்துப் பட்டறைத் தூணோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்.

"இப்ப திருப்பு மாமு, பாக்கலாம்."

தினமும் அதன் அடியில் மல்லாந்து படுத்தேன். காதுக்குள் பொறி, சட்டைக்குள் பொறி. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய் பாயிடம் கடன் வாங்கினேன். உருகின இரும்பு ஒட்டாமல் முகத்தைப் பார்த்துச் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வெல்டிங் ராடை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். சத்தம் மாறியது, எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராக வந்தது. இரும்பு சொட்டவில்லை, ஒட்டி நின்றது. எழுந்து ஓடிப்போய், வியாபாரம் பேசிக்கொண்டிருந்த பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது பரீட்சையில் கிளாம்ப் பக்கமே நான் போகவில்லை. ஆனால் எக்ஸ்ரே முடிவு உடனே வரவில்லை. வேலையும் இல்லை, வீட்டில் அரிசிப் பானை காலியாகிக்கொண்டிருந்தது. மனைவி இருந்த சோற்றையெல்லாம் என் தட்டிலேயே போட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

கூப்பிட்டனுப்பினார்கள். அதிகாரி பிலிமை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு பட்டை தெரிந்தது. அதில் ஓட்டைக்கு அடையாளமாக ஒரு புள்ளிகூட இல்லை. "உங்க நம்பர் பதினேழு" என்றார். எனக்கு அவரையும் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

நம்பர் அடிக்கும் இரண்டு இரும்பு அச்சுகளைக் கொடுத்தார்கள், ஒரு அச்சில் 1, இன்னொன்றில் 7. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் அவற்றை மனைவி கையில் வைத்தேன். வாங்கிப் பார்த்தவள் உள்ளே போய், தாய் வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடத்தை எடுத்துவந்தாள். அதன் கழுத்தில் அவள் அப்பா பெயர் வெட்டியிருக்கும்.

"எங்க நைனா பேரு கீது. பக்கத்துல உன் நம்பர அடி."

"மெல்லிசு. ஓட்ட வுழுந்துடும்."

"வுழுந்தா பத்தவச்சுக் குடு. அதான் உனக்கு சர்டிபிகேட்டு எழுதிக் குடுத்துகீறாங்களே."

பயந்து பயந்து அடித்தேன். ஓட்டை விழவில்லை.

மறுநாள் காலை தெருக்குழாயடியில், நம்பர் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி குடத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இது இன்னா நம்பரு என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரு நம்பரு. மணலி பைப்புல பூரா கீது" என்றாள்.

அன்றுவரை நான் மணலியில் ஒரு பைப்பைக்கூடத் தொட்டிருக்கவில்லை.