கம்பளியின் எடை

தப்பு தன் பக்கம் இல்லை என்று தெரிந்த பிறகும், அதை நிரூபிக்கும் சுமையையும் ஒருத்தி ஏன் தன் தலையிலேயே தூக்கிக்கொள்ள வேண்டும்? அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எழுகிறது.

அவள் தராசு பழுது பார்ப்பவள். பழுதுக்கு வரும் எந்தத் தராசையும் முதலில் வெறும் தட்டோடு வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் திருப்புளியைத் தொடுவாள். அதனால் கடை முதலாளி வைத்த பெயர் ‘பூஜ்யம்’. “பூஜ்யம் இன்னைக்கு லீவு” என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அவளுக்கு இதயத்தில் பெரிய ஓட்டையோடு ஒரு மகள் பிறந்தாள். நாலு வாய் பால் உறிஞ்சுவதற்குள் நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, தூங்கிப்போகும் குழந்தை. நாலரைக் கிலோ வந்தால்தான் அறுவை சிகிச்சை என்றார் மருத்துவர். நாள் தள்ளிப்போனால் நுரையீரல் கெட்டுவிடும் என்றும் அவரேதான் சொன்னார்.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். தாய்மார்கள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். செவிலி குழந்தையை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், எண்ணை மட்டும் உரக்கச் சொல்வாள். நாலு வாரமாக நாலு கிலோவைக்கூடத் தொடவில்லை.

“பால் குடுக்கச் சோம்பல்பட்டா புள்ள எப்படிம்மா தேறும்?” என்றாள் செவிலி, பெஞ்சில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழ. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை கடிகாரம் பார்த்து ஊட்டியவளிடம்! பஸ் ஓட்டும் கணவனும் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கினான். அவளும் தன்னையே குறை சொல்லிக்கொண்டாள். ஊர்த் தராசையெல்லாம் சந்தேகப்பட்டவள், இந்த ஒரு தராசை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

ஐந்தாம் வாரம் செவிலி நாலு கிலோ இருநூற்றிருபது என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போனாள் பூஜ்யம். தானே சரிபார்த்து முத்திரை வாங்கிய தராசில் மகளைக் கிடத்தினாள். நாலு கிலோ ஐந்நூற்றிருபது.

திரும்பிப் போய்ச் சொன்னபோது, குழந்தையென்ன காய்கறியா என்று செவிலி கேட்டாள். பெற்றவளுக்கு ஆசை இருக்கும், எங்களுக்கு எண்தான் முக்கியம் என்று மருத்துவர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். படியிறங்கும்போது கணவன் கெஞ்சினான்.

“வம்பு வேணாம்டி. நாளைக்குக் கத்தி அவங்க கையில இருக்கும்.”

“அதனாலதாங்க இன்னைக்கே கேக்கணும்.”

ஆறாம் வாரம் குழந்தையின் துணிப்பைக்குள் இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்துக்கொண்டு போனாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி, திரையை விலக்கி, கல்லைத் தட்டில் வைத்தாள். ஒரு கிலோ எழுநூறு. அவள் குனிந்து, பூஜ்யத்தைச் சரிசெய்யும் திருகாணியைப் பார்த்தாள்.

“இந்தத் தட்டுல முன்னாடி என்ன விரிச்சிருந்தீங்க?”

“கம்பளி. குளிருக்கு. வெயில் வந்ததும் எடுத்துட்டோம்” என்றாள் செவிலி.

“கம்பளியை எடுத்தீங்க. அதுக்காக வச்ச பூஜ்யத்தை யாரு திருப்பினா?”

கம்பளியின் முந்நூறு கிராமை அந்தத் தராசு ஒவ்வொரு குழந்தையிடமிருந்தும் கழித்துக்கொண்டிருந்தது. அந்த ஆறு வாரத்தில் பெஞ்சிலிருந்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை. மருத்துவர் கோப்பில் எழுதியது இவ்வளவுதான்: ‘இந்த வாரம் எடை நன்கு ஏறியுள்ளது.’ பழைய எண்களைத் திருத்தச் சொன்னாள். அறுவை சிகிச்சைக்குத் தேதிதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்றார்கள். கருவி பிழை செய்யும், அதை மன்னித்துவிடலாம். அந்தப் பிழையை ஒரு தாயின் சோம்பலாக்கியவர்கள், உண்மை தெரிந்த பிறகும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எந்தக் கணக்கில் மன்னிப்பது?

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குழந்தை முழுப் பாட்டிலையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டு அழுதது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, பெஞ்சில் காத்திருந்த தாய்மார்களைக் கடந்து பூஜ்யம் எடை பார்க்கும் அறைக்குப் போனாள். அதே இரண்டு கிலோ கல்லைத் தராசின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். புதுக் கல் முத்திரையோடு வர ஒரு மாதம் ஆகும் என்று முதலாளி கத்தினார். ஏன் வைத்தாய் என்று கணவனும் பலமுறை கேட்டுப் பார்த்தான். அவள் அந்தக் கல்லுக்குப் பதிலாக ஒரு கிலோ கற்கள் இரண்டை எடுத்து, கடை மேஜையில் பழுது வேலை பாதியில் நின்ற தராசின் தட்டில் வைத்தாள்.