சுருள் எழுத்து அழைப்பிதழ்

என் கடைசி மகளின் கலியாணத்துக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அழைப்பிதழில் அவளுடைய வாப்பாவின் பெயர், முன்னால் இறந்தவர்களுக்குப் போடும் மர்ஹூமோடு, வர வேண்டும். அவர் மௌத்தாகி இரண்டு வருடம். மகளுக்கென்று எழுப்பிய வீடு முழுக்க வரிப்பத்தான்சேனை வயலில் அவர் சேற்றில் நின்று சேர்த்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை அதில் குடிவரும் நாளில் அவர் இருக்கப்போவதில்லை. கடதாசியிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மூத்த மகன் கல்முனைக்குப் போய் அச்சுக்கடையில் மாதிரி ஒன்று வாங்கி வந்து என் கையில் தந்தான். தங்க நிற எழுத்து. ஒவ்வொன்றுக்கும் நீள வால், வேலியில் படர்ந்த பாகற்கொடி மாதிரிச் சுருண்டு கிடந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பள்ளிப் புத்தக எழுத்தென்றால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். இதில் ஒன்றும் பிடிபடவில்லை.

“எல்லாம் சரியா எண்டு பாருங்க உம்மா. நீங்க ஓம் எண்டாத்தான் அடிக்கச் சொல்லுவன்.”

பக்கத்தில் மருமகள் நின்றாள். அவள் டீச்சர். அவளுக்கு முன்னால் வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மேலே பெரிதாக ஒரு பெயர் தெரிந்தது. அதுதான் அவராக்கும் என்று விரலால் தடவிப் பார்த்தேன்.

“ஓம் மகன். வடிவா இரிக்கி.”

எங்கள் பக்கம் பெண்களுக்குப் பெண்கள்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். முதலில் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் கண்ணாடியைப் போட்டு முழுதும் வாசித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன மதினி, எங்கட காக்காட பேரக் காணல்ல?”

“மேல இரிக்கே.”

“மேல இரிக்கிறது ஒங்கட மகன்ட பேர். அவர்தான் அழைக்காராம். காக்கா இந்த ஊர்ல பொறக்கவே இல்லப் போல.” அழைப்பிதழை மடித்து வைத்தாள். “எழுத்து மட்டும் நல்ல வடிவு.”

தேத்தண்ணி வந்தது. அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன்.

“அந்த எழுத்துக்கு வால் நீளம் உம்மா. எல்லா வரியும் போட்டா ஒண்டோட ஒண்டு சிக்குதாம். ஒரு வரிய எடுக்கச் சொன்னான் கடைக்காரன். நீங்களும் பாத்துத்தானே ஓம் எண்டீங்க?”

மருமகள் என்னைப் பார்த்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மிச்ச அழைப்பிதழ்களையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கலியாணத்துக்கு அவருடைய தங்கச்சி வந்தாள், சோற்றைத் தொடாமல் போய்விட்டாள். மகன் கையில் பொறுப்பு வந்ததும் நான் புருஷனை மறந்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள்.

மகள் அந்த அழைப்பிதழைச் சட்டம் போட்டு, வாப்பா கட்டிய வீட்டின் முன்னறையில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எழுத்து நல்ல வடிவு என்கிறார்கள். நானும் ஓம் என்கிறேன்.