நொரீனின் கைகள்

நொரீன் கோடெட்டுக்கு அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்தில் தனக்கென்று இருந்தவை ஞாயிற்றுக்கிழமைப் பூசையும், ஜன்னலோரத் தக்காளி நாற்றும், எங்கள் ஆய்வுக்கூடத்துப் புழுக்களும்தான். நான் அதே கூடத்தில் புழுக்களுக்குச் சமைத்துப் போட்டவள். கடற்பாசிக் கூழ் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி, மேலே பாக்டீரியா தடவிக் கொடுப்பேன். அவள் நுண்ணோக்கியில் பார்த்தபடி பிளாட்டினக் கம்பி நுனியால் புழுக்களைத் தூக்கித் தட்டு மாற்றுவாள், அவற்றோடு பேசிக்கொண்டே. கேலி செய்தால், "உன்ன விட நல்லாவே கேட்டுக்குதுங்க" என்பாள்.

அவற்றில் ஒரு வகையைப் பார்த்தால் அவளுக்கு மனம் தாங்காது. அவற்றுக்கு உடம்பு வளரும், பருவம் மாறாது. குழந்தைப் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். முட்டையிட வழி உண்டாகாததால் முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, குஞ்சுகள் தாயைத் தின்றுவிட்டு வெளியே வரும். எந்த மரபணு கெட்டுப்போனதால் இப்படி ஆகிறது என்று கண்டுபிடிப்பது நொரீனின் வேலை. கண்டுபிடித்தால் கூடம் நிலைக்கும், அவள் பிழைப்பும் நிலைக்கும். இல்லாவிட்டால் பூட்டுதான் என்று தலைவர் வின்ஸ்லோ எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

குரோமோசோமில் அந்த மரபணு இருக்கும் இடம்வரை அவள் நெருங்கிவிட்டாள். அதன் நகலைக் காட்டுவதுதான் பாக்கி. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படும், அதைப் படித்துப் புரதம் தயாராகும், அவ்வளவுதான் கதை என்று அன்றைக்கு எல்லாரும் நம்பினோம். அப்படிப்பட்ட நகல் நீளமானது. நொரீன் ஆர்.என்.ஏ.வை ஜெல் என்ற கூழ்ப்பாளத்தில் மின்சாரத்தால் ஓட்டிப் படம் எடுத்தால், நீள நகல் தெரியவேண்டிய மேல்பகுதி வெறுமையாக இருந்தது. மிகச் சிறிய துண்டுகள் ஓடிச் சேரும் அடி ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு.

ஆர்.என்.ஏ. விரல் வியர்வை பட்டாலே துண்டு துண்டாகிவிடும். அதனால் எங்கள் தொழிலில் படத்தின் அடியில் கறை தெரிந்தால் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, எடுத்த ஆளைத்தான் பார்ப்பார்கள்.

"உன் கைதான் நொரீன். நல்லா கழுவிட்டு வந்து மறுபடி செய்" என்றார் வின்ஸ்லோ, சர்க்கரை ஒட்டிய விரலில் டோனட்டைப் பிடித்தபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ தலைகுனிந்தபடி கை கழுவப் போனாள்.

அதன்பின் இரட்டைக் கையுறை போட்டாள். கழுவிக் கழுவிப் பனிக்காலத்தில் கைகள் வெடித்து ரத்தம் கசிந்தது. பூசையில் நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கவும் கூசி, நாக்கில் வாங்கினாள். இத்தனைக்கும் அந்தக் கோடு போகவில்லை. வெட்கம் தாங்காமல், படத்தை வின்ஸ்லோவிடம் கொண்டுபோகும் முன்பே அடி ஓரத்தைக் கத்தரித்துவிடத் தொடங்கினாள். நறுக்கிய ஃபிலிம் பட்டைகளில் தக்காளி வகைகளின் பெயரை எழுதி வீட்டு நாற்றுத் தொட்டிகளில் குத்திவைத்தாள்.

ஒரு கோடும் இல்லாத படங்களைப் பார்த்துப் பார்த்து வின்ஸ்லோ சலித்துப்போனார். இந்த இடத்தில் மரபணுவே இல்லை என்று முடிவு கட்டி, வேறு எங்கெங்கோ தேடச் சொன்னார். கடைசியில் கூடத்தை மூடினார்கள். நொரீன் ஒரு கடையில் ரொட்டி வெட்டித் தரும் வேலைக்குப் போனாள். அங்கேயும் கையுறைதான்.

வேறொரு ஊர்க்காரர்கள் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த கட்டுரை வந்தபோது, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் அதை நான்தான் அவள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்த மரபணுவிலிருந்து புரதமே வருவதில்லை. அதன் நகல் இருபத்திரண்டு எழுத்துள்ள துணுக்கு. அது இன்னொரு மரபணுவின் நகலுடைய வால்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உண்டாவதை அடக்கிவிடுகிறது. அப்படி அடக்கினால்தான் புழுவுக்குக் குழந்தைப் பருவம் முடியும். கட்டுரையில் படமும் போட்டிருந்தார்கள். அடியில் ஒரு கறுப்புக் கோடு.

நொரீன் மேலே படிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய், ஒரு தொட்டியிலிருந்து பட்டையைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அடுத்த தொட்டியிலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் கோடு அதே உயரத்தில், மெல்லிசாக, நேராக இருந்தது. சிதைந்த குப்பையாக இருந்தால் தாறுமாறாக இழுபட்டிருக்கும்.

நான் வின்ஸ்லோவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவளோ வெடிப்பு ஆறாத கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுக்கு இல்லடி," என்றாள். "என் கை சுத்தமாத்தான் இருந்திருக்கு."