கடைசி பெஞ்சு டீச்சர்

புதிதாக வருகிற வாத்தியார்கள் பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, தேறுவார்கள் என்றால் கையெழுத்துப் போடுவது அவளுக்கு வேலை. அதனால் கடைசி பெஞ்சு டீச்சர் என்றே பேர் நிலைத்துவிட்டது. பெஞ்சோ பிள்ளைகளுக்குச் செய்தது. முட்டி மேசையில் இடிக்கும். பதினோரு வருஷமாக இடிக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களில் பாதிப் பேர் வருஷம் திரும்புவதற்குள் ஓடிப்போனார்கள். அப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடங்கள். வகுப்புக்கு நாற்பத்தாறு பிள்ளைகள், ஓடினால் சத்தத்தில் பாடத்தையே முழுங்கிவிடும் மின்விசிறி.

அன்றைக்கு உட்கார்ந்திருந்தது நாத்தனாரின் மருமகன் வகுப்பில். வகுப்பை வந்து பார்க்க அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. நாத்தனாரின் மூன்று பெண்களில் நடுப்பெண்ணைக் கட்டினவன், முன்பு மருந்துக்கடையில் நின்றவன். காலையிலேயே நாத்தனார் போன் பண்ணிவிட்டாள்.

"அண்ணி, இதுதான் கடைசித் தடவையாமே. நீங்க கையெழுத்துப் போடலேன்னா மாப்பிள்ளைக்கு வேலை போச்சு. எம்பொண்ணு மாசமா வேற இருக்கா."

"பாக்கறேன்."

பின்னக் கணக்கைப் பையன் நன்றாகத்தான் நடத்தினான். ஆனால் மணி அடிக்கும்வரை அவன் வாயில் வந்தது நாலே பேர். உட்காரு, பேசாதே, திரும்பு என்று அந்த நாலு போக்கிரிகளின் பேர்தான்.

வெளியே வராந்தாவில் கேட்டாள். "மூணாவது பெஞ்சுல சன்னலோரம் ஒரு பொண்ணு. பேர் என்ன?"

அவன் எட்டிப் பார்த்தான். "தெரியல அத்தை."

"மூணு மாசமாச்சு. விடையை எழுதிட்டு அது எத்தனை தடவை உன்னை நிமிர்ந்து பாத்துச்சு தெரியுமா?"

"அந்த நாலு பேரை அடக்கறதுக்கே நாக்கு தள்ளுது."

"மீதிப் பேரெல்லாம் சுவத்துல மாட்டின படமா?"

சிரிக்கப் போனவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "முடியல அத்தை. வேணாம்னா எழுதிடுங்க, போயிடறேன்."

இந்தக் குரலை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். கையெழுத்துப் போடவேண்டிய தாளைக் கொடுக்க வெள்ளிக்கிழமைவரை தவணை இருந்தது. மடித்துப் பையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரேன். நோட்டைப் பாக்காம எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடு, போடறேன். இல்லேன்னா இல்ல. உன் மாமியார்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

இன்னொரு தரம் வர ரெண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏற வேண்டும். படியில் திரும்பிப் பார்த்தாள். அவன் சன்னலோரம் குனிந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தான்.

பையில் போன் அடித்தது. நாத்தனார்தான். படியிலேயே உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே எடுத்தாள்.